நயாகராவில் எத்தனை கன அடி? சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பா அவர்களுக்கு,

வணக்கம். சம்பா அறுவடை முடிந்து வைக்கோலைப் போர் போட்டுவிட்டு, நானும் உங்கள் மருமகளும் டொரான்டோவில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. உறைபனிக் காலத்து நயாகராவை ஹெலிகாப்டரில் ஏறிப் பார்த்ததாகத் தொலைபேசியில் சொன்னபோது, மற்றவர்கள் எல்லோரும் பயமாக இருந்ததா, டிக்கெட் என்ன விலை என்றெல்லாம் விசாரிக்க, நீங்கள் மட்டும் "அங்க எத்தனை கன அடி தம்பி போவுது?" என்று கேட்டீர்கள். நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பில் மதகு பார்க்கும் லஸ்கராக இருந்து ஆயுள் முழுக்க ஷட்டர் தூக்கி இறக்கியவர் வேறு என்ன கேட்பீர்கள்! அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரிந்துகொண்டதைப் பொதுவிலேயே எழுதுகிறேன். நம் பக்கத்தில் இதே கேள்வியைக் கேட்கக்கூடியவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

முதல் முறை போனபோது, மேகம் தாழ்ந்திருப்பதால் பறக்க முடியாது என்று, நாங்கள் ஒன்றரை மணி நேரம் காரில் போய்ச் சேர்ந்த பிறகு சொன்னார்கள். கிளம்புவதற்கு முன்பே சொல்லியிருக்கலாம். மறு வாரம் வானம் தெளிந்திருந்தது. கொள்முதல் நிலையத்தில் மூட்டையை நிறுப்பதுபோல ஒவ்வொருவரையும் எடை மேடையில் ஏற்றி, அந்தக் கணக்குப்படி இருக்கை ஒதுக்கினார்கள். உங்கள் மருமகளுக்கு ஜன்னலோரமும் எனக்கு நடு இடமும் கிடைத்ததில் அவளுக்கு இன்றுவரை பெருமை.

பறப்பது பன்னிரண்டே நிமிடம். ஆற்றின் கீழ்ப்புறத்திலிருந்து கிளம்பி, நீரோட்டத்துக்கு எதிராக மேல்நோக்கிப் போகிறார்கள். முதலில் வருவது அருவியல்ல, மின் நிலையங்கள். இக்கரை கனடா, அக்கரை அமெரிக்கா; இரண்டு கரையிலும் பாறைச் சரிவை ஒட்டி எதிரெதிரே நிற்கின்றன. அருவிக்கு மேலேயே எடுத்த தண்ணீர், கனடாப் பக்கத்தில் ஊருக்கு அடியில் குடைந்த சுரங்கங்கள் வழியாக வந்து இங்கே சுழலிகளைச் சுற்றிவிட்டு ஆற்றில் விழுகிறது. 2013-இல் திறந்த ஒரு சுரங்கம் மட்டுமே பத்து கிலோமீட்டருக்கு மேல் நீளமாம். அதன் பிறகு, ஆறு திடீரென்று மடங்கித் தன்னையே சுற்றிக்கொள்ளும் பெரிய சுழல். அதற்கும் மேலே அருவி.

குதிரை லாடம்போல வளைந்த விளிம்பு ஏறத்தாழ 670 மீட்டர்; உயரம் 57 மீட்டர். ஹெலிகாப்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது, நடு இடத்திலிருந்தும் எனக்கு நேர் கீழே தெரிந்தது. வளைவின் நடுவில் தண்ணீர் பாட்டில் கண்ணாடியின் பச்சை நிறத்தில் கனமாக மடிகிறது; மடிந்த மறுகணமே வெள்ளையாகிறது. கீழிருந்து எழும் சாரல் கரையோரத்து மரங்களின் சுள்ளிகள், கைப்பிடிக் கம்பிகள், விளக்குக் கம்பங்கள் எல்லாவற்றின் மீதும் படிந்து, சர்க்கரைப் பாகு ஊற்றியதுபோல உறைந்திருக்கிறது. அருவியின் காலடியில் ஆற்றை மூடிக் கிடந்தது பனிக்கட்டிப் பாலம். முன்பு அதன் மேல் ஆட்கள் நடந்து போவார்களாம்; 1912 பிப்ரவரியில் அது உடைந்து மூன்று பேர் மாண்டபின் யாரையும் இறங்க விடுவதில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கனடாவும் அமெரிக்காவும் 1950-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, சுற்றுலாக் காலத்தில் பகலில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடியும், இரவிலும் பனிக்காலம் முழுவதிலும் 50,000 கன அடியும் குறையாமல் அருவியில் விழ வேண்டும். மிச்சத்தை இரண்டு நாடுகளும் மின்சாரத்துக்குப் பங்கு போட்டுக்கொள்கின்றன. உலகம் வியக்கும் அருவிக்கும் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள், சித்தப்பா! நான் பார்த்தது அரை அளவு. அந்த அரை அளவே ஒரு நாளைக்கு 4.32 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). காலியான மேட்டூரின் 93.47 டிஎம்சி கொள்ளளவை அது இருபத்திரண்டு நாட்களில் நிரப்பிவிடும். காவிரியில் கர்நாடகம் நமக்கு ஆண்டு முழுவதற்கும் விட வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த 177.25 டிஎம்சி, இந்த அருவியில் நாற்பத்தோரு நாளில் விழுந்து தீரும். விமானப் பயணச்சீட்டின் பின்பக்கத்தில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. மேட்டூரை மூடிய பிறகு நம் வெண்ணாற்றில் இப்போது மணல்தானே தெரியும்? ஆனாலும், அதே 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகளை அடித்துக்கொண்டு போன வெள்ளத்தைப் பார்த்த நமக்கு, ஒரு லட்சம் கன அடி என்பது காணாத தண்ணீரும் அல்ல.

உங்களுக்குப் பிடித்திருக்கக்கூடியது, அருவிக்குச் சற்று மேலே இருக்கும் ரெகுலேட்டர். கனடாக் கரையிலிருந்து பதினெட்டு மதகுகளோடு நீண்டு வந்து, அக்கரையைத் தொடாமல் ஆற்றின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. யாரோ காசு தீர்ந்து பாதியில் விட்டதுபோல இருந்தாலும், நீர்மட்டத்தை உயர்த்திச் சுரங்கங்களுக்குள் திருப்ப அந்தப் பாதியே போதுமானதாம். நீங்கள் ஷட்டரில் வந்து அடைக்கும் ஆகாயத்தாமரையைத் துரட்டியால் இழுத்துப் போடுவீர்களே, இங்கே அந்தத் தொல்லையைப் பனிக்கட்டி தருகிறது. இந்த ஆறு புறப்படும் ஈரி ஏரியின் வாயில் 1964-இலிருந்து ஒவ்வொரு பனிக்காலத்திலும் மிதவைகளைக் கோத்து வேலிபோல இழுத்துக் கட்டுகிறார்கள். அந்த வேலி இல்லாத காலத்தில், 1848 மார்ச் கடைசியில், பனிக்கட்டி ஏரிவாயை அடைத்து அருவியே ஒரு நாளுக்கு மேல் நின்றுபோக, சனங்கள் ஆற்றுக்குள் இறங்கி நடந்திருக்கிறார்கள், நாம் சித்திரையில் நடப்பதுபோல.

ஏப்ரல் 1-ஆம் தேதி காலை 8 மணிக்கு முழு அளவு விடத் தொடங்குவார்களாம். அதற்குள் நாங்கள் ஊருக்குத் திரும்பிவிடுவோம். மகள் எடுத்த படத்தில் அந்தப் பதினெட்டு மதகுகளும் தீக்குச்சி அளவில்தான் தெரிகின்றன. பெரிதாக அச்சடித்துக் கொண்டுவருகிறேன். கண்ணாடியை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள அண்ணன் மகன்