டூஃபேகலரை டெக்னிகலர் ஆக்கிவிடாதீர்கள்

பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் தேசிய ஆவணக் காப்பகத்தாருக்கு,

வணக்கம். மாரிஸ் எல்வி இயக்கி 1939இல் வந்த 'சன்ஸ் ஆஃப் தி சீ' படத்தை ஸ்கேன் செய்வது பற்றி ஒரு வேண்டுகோள்.

கதைக்காக இதை யாரும் தேடிப் போக மாட்டார்கள், சரிதான். இங்கிலாந்தின் டார்ட்மத் கடற்படைக் கல்லூரியின் தலைமை அதிகாரி கொல்லப்படுகிறார். அவர் இடத்துக்கு வருபவரின் மகனும் அங்கே கேடட், அதாவது பயிற்சி மாணவன். நடுவில் உளவு வேலை. போருக்கு முன்பு, தணிக்கைக்குப் பயந்து ஜெர்மனியின் பெயரைச் சொல்லாமல் மழுப்பிய உளவுப் படங்கள் ஏராளம். அந்த வரிசையில் இதுவும் ஒன்று என்று ஒதுக்கிவிடலாம்தான்.

ஆனால் இது டூஃபேகலர் என்ற பழைய வண்ணப்பட முறையில் எடுத்த படம். முழுநீளக் கதைப்படம் ஒன்றை முழுக்க அந்த முறையில் எடுத்தது மிக அபூர்வம். பிலிம் சுருளிலேயே கண்ணுக்குத் தெரியாத வண்ண வலை அச்சாகியிருக்கும்: சிவப்புக் கோடுகள், அவற்றுக்கு இடையே பச்சையும் நீலமும் மாறி மாறிக் கட்டங்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறக்குறைய இருபது கோடுகள். அந்த வலையே பாதி வெளிச்சத்துக்கு மேல் விழுங்கிவிடும். திரை மங்கும், பிரதி எடுப்பதும் தலைவலி. போட்டி வண்ண முறையான டெக்னிகலர் ஜெயித்ததில் ஆச்சரியமில்லை.

இன்று ஸ்கேன் செய்தால் இந்த வலையும் ஸ்கேனரின் பிக்சல்களும் மோதி, படத்தின் மேல் அலை அலையாகக் கோலம் விழும். உடனே மென்பொருளால் மழுக்கிவிட்டு, வண்ணத்தை ஏற்றிப் பளபளவென்று ஆக்கத்தான் கை துறுதுறுக்கும். தயவுசெய்து வேண்டாம். ஒவ்வொரு கட்டமும் தனியாகத் தெரியும் அளவுக்கு நுணுக்கமாக ஸ்கேன் செய்யுங்கள். திருத்தாத கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். திருத்திய பிரதியை வெளியிட்டால், வலையோடு கூடிய மங்கலான பிரதியும் பக்கத்திலேயே கிடைக்கட்டும்.

இவ்வளவு கேட்பதற்குக் காரணம் அந்த இடமும் காலமும். படம் வந்த அதே 1939இல், மே மாதம்தான் கிரேக்க இளவரசர் பிலிப் டார்ட்மத்தில் கேடட்டாகச் சேர்ந்தார். ஜூலையில் மன்னர் குடும்பத்தோடு வந்த, பின்னாளில் ராணியான எலிசபெத்தை அங்கே சந்தித்தார். செப்டம்பரில் போர். 1942இல் கல்லூரி மேல் குண்டு விழுந்து, மாணவர்களைச் செஷயருக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய டார்ட்மத்தின் செங்கல் சிவப்பையும் சீருடை நீலத்தையும் நம் ரசனைக்கு ஏற்ப மாற்றினால், கையிலிருக்கும் ஒரு சாட்சியைத் திருத்தியது போலாகும்.

எல்வியைக் கணக்கில்லாமல் படம் எடுத்துத் தள்ளியவர் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். 1918இல் அவர் எடுத்து, வெளிவராமல் காணாமல்போன, அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் பற்றிய படம் 1990களில் கிடைத்த பிறகுதான் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் ஒன்று: எந்தப் பிரதியிலிருந்து ஸ்கேன் செய்தீர்கள், எதை மாற்றினீர்கள் என்ற குறிப்பைப் படத்தின் தொடக்கத்திலேயே போடுங்கள். கடைசியில் போட்டால் யாரும் படிப்பதில்லை.

இப்படிக்கு,
பழைய படங்களின் ரசிகன்