பத்தமடைப் பாய் நெய்யும் வீடுகளுக்கு வெளிச்சமும் கூரையும்

அன்புள்ள நண்பர்களே,

கல்யாணச் சீர்வரிசையில் மணமக்கள் பெயர் நெய்து ஒரு பாய் வருமே, அந்தப் பாய் பிறக்கிற வீடுகளைப் பார்க்கத்தான் எங்கள் குழு போன மாதம் பத்தமடைக்குப் போனது. சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊர். புவிசார் குறியீடு வாங்கிய பாய் என்பதால் பெரிய தறிக்கூடம் இருக்கும் என்று எங்களில் சிலர் நினைத்திருந்தோம். அப்படி எதுவும் இல்லை. வீட்டு முன்னறைதான் தறி. தரையில் முளை அடித்து, பாவு நூலை இழுத்துக் கட்டி, மூங்கில் முக்காலியில் தூக்கி நிறுத்தினால் அறை முடிந்தது. சுவரோரம் ஒருக்களித்துத்தான் உள்ளே போனோம்.

ஓர் அக்கா கோரைப் புல்லைக் கீறிக் காட்டினார். தண்டுக்குள் பஞ்சு மாதிரி இருக்கும் சோற்றை வழித்து எடுத்துவிட்டு, மேல்தோலை நூல் மாதிரி வகிர்ந்தார். காய்ந்த பிறகு அதை நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, சாயம் ஏற்றினால்தான் பட்டுப் பாய் என்கிற மிக மெல்லிய ரகத்துக்கு ஆகும். அந்தப் பாயைத் துணி மாதிரி மடிக்கலாம். அவ்வளவு மெல்லிய இழையை மதியம் இரண்டு மணிக்கே வாசற்படிக்கு எடுத்து வந்து, வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார். வீட்டுக்குள் அவ்வளவு இருட்டு.

பொதுவாக ஒரு கூடம் கட்டித் தரலாம் என்பதுதான் எங்கள் முதல் யோசனை. "கூடத்துக்குப் போனா உலையை யாரு பாப்பா?" என்று கேட்டார்கள். சரியான கேள்வி. சோறு வடிக்கிற நேரத்துக்கும் பிள்ளைகள் பள்ளிவிட்டு வருகிற நேரத்துக்கும் நடுவில்தான் இந்த நெசவே நடக்கிறது. அதனால் வேலையை வீட்டிலேயே செய்கிறோம்: முதலில் 10 வீடுகளில் தறிக்கு மேல் நல்ல விளக்கு, ஒழுகும் கூரைக்குத் தகரம், கோரையை ஈரம் படாமல் வைக்க ஒரு பரண். ஈரம் பட்ட கோரையில் பூஞ்சை பிடித்தால் அத்தனை நாள் உழைப்பும் போயிற்று.

ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை வேலை முடிய வேண்டும். உங்களால் முடிந்ததைக் குழுவின் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். சிறிய தொகை என்று தயங்க வேண்டாம். தகரமாகவோ விளக்காகவோ தந்தாலும் வாங்கிக்கொள்வோம். நெல்லைப் பக்கம் தச்சு வேலை, மின்வேலை தெரிந்தவர்கள் இரண்டு நாள் ஒதுக்கினால் அது எங்களுக்குப் பெரிய உதவி. அப்புறம், வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் பாயை இப்போதே சொல்லிவிடுங்கள்; நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும்.