"எனக்கு எதுவும் கேட்கவில்லை": கால்பந்து பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். பெரிய கிளப், சின்ன கிளப், தேசிய அணி என்று நீங்கள் எங்கே இருந்தாலும் உங்கள் எல்லோருக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு. ஆட்டம் முடிந்த கையோடு மைக் முன்னால் போய் நிற்க வேண்டும். வேர்வை காய்ந்திருக்காது, தோற்றிருந்தால் எரிச்சல் வேறு. அந்த இரண்டு நிமிடத்தில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதைப் பற்றித்தான் இந்த மடல். அதிலும், உங்கள் வீரரையோ எதிரணி வீரரையோ கேலரியில் இருந்து யாராவது இனவெறியோடு குரங்குச் சத்தம் போட்டு அவமானப்படுத்திய நாளில் என்ன சொல்கிறீர்கள் என்பதைப் பற்றி.

நான் பத்திரிகைக்காரன் இல்லை, நிர்வாகியும் இல்லை. வருஷக்கணக்காக ஆட்டம் பார்க்கிறவன், அவ்வளவுதான். ஆட்டம் முடிந்ததும் டிவியை அணைக்காமல் உங்கள் பேட்டியையும் உட்கார்ந்து கேட்கிற ரகம். அதனால்தான் எழுதுகிறேன்.

இதை ஏன் உங்களிடம் கேட்க வேண்டும், கால்பந்துச் சங்கங்களிடம் அல்லவா கேட்க வேண்டும் என்று நினைப்பீர்கள். சங்கம் விசாரித்து முடிக்க மாதக்கணக்காகும். நடுவர் மைக் முன்னால் வருவதில்லை. அவமானப்பட்ட வீரர் உடை மாற்றும் அறையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். ஆட்டம் முடிந்து பத்து நிமிடத்துக்குள் உலகத்துக்குப் பேசுகிற ஆள் நீங்கள் ஒருவர்தான். மறுநாள் காலை தலைப்புச் செய்தி உங்கள் வாக்கியம்தான்.

2019 ஏப்ரல் 2, இத்தாலியின் காலியாரி. யுவென்டஸ் அணிக்கு ஆடிய மொய்சே கீனுக்கு அப்போது 19 வயது. ஆட்டம் முழுக்க இனவெறி வசவு. கடைசியில் கோல் போட்டார். போட்டுவிட்டு, திட்டிக்கொண்டிருந்த அந்தக் கேலரி முன்னாலேயே போய் இரண்டு கைகளையும் விரித்து அப்படியே நின்றார். ஒரு சொல் பேசவில்லை, வேறு எந்தச் சைகையும் செய்யவில்லை. ஆட்டம் முடிந்தது. சக வீரர் பொனூச்சி, தவறு இரண்டு பக்கமும் பாதிக்குப் பாதி என்றார். பயிற்சியாளர் அல்லெக்ரி, கத்தியவர்களை மைதானத்துக்குள்ளேயே விடக்கூடாது என்று சரியாகத்தான் சொன்னார். ஆனால் அதே மூச்சில், கீன் அப்படிக் கொண்டாடியிருக்கக் கூடாது, சின்னப் பையன், இன்னும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தப் பையன் கற்றுக்கொள்ள என்ன இருந்தது? திட்டுகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோல் போட வேண்டும் என்பதா?

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. 2013 ஜனவரி 3 அன்று புஸ்தோ அர்சீத்சியோ என்ற ஊரில் புரோ பாட்ரியா அணியுடன் ஏசி மிலன் ஆடிக்கொண்டிருந்தது. குரங்குச் சத்தம் பொறுக்காமல் கெவின் பிரின்ஸ் போவாடெங் பந்தைக் கேலரியை நோக்கி உதைத்துவிட்டு வெளியே நடந்தார். மொத்த மிலன் அணியும் பின்னாலேயே போனது. ஆட்டம் அத்தோடு முடிந்தது. அன்று மிலன் பயிற்சியாளர் யார் தெரியுமா? இதே அல்லெக்ரி. ஆறே வருஷத்தில் ஒரே மனிதர் இரண்டு விதமாக இருந்தார். முதலாவது நட்பு ஆட்டம், இழப்பதற்குப் புள்ளி ஏதும் இல்லை. இரண்டாவது லீக் ஆட்டம். இதை அவர் மீது குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் உங்களில் பலருடைய துணிச்சல் புள்ளிப் பட்டியலைப் பார்த்துத்தான் வருகிறது, போகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அடுத்தது, "எனக்கு எதுவும் கேட்கவில்லை." உங்கள் தொழிலில் இதைவிடத் தேய்ந்த வாக்கியம் கிடையாது.

2019 அக்டோபர் 14, சோஃபியா. பல்கேரியாவுக்கு எதிராக இங்கிலாந்து. டைரோன் மிங்ஸுக்கு அதுதான் தேசிய அணியில் முதல் ஆட்டம். சத்தம் காதில் விழுந்ததும் கோட்டோரத் துணை நடுவரிடம் திரும்பி, அது கேட்டதா என்று கேட்கிறார். அந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்துவிட்டேன். கோபம்கூட இல்லை, நான் சரியாகத்தான் கேட்டேனா என்று உறுதி செய்துகொள்கிற குரல். ஆட்டம் இரண்டு முறை நின்றது. அவ்வளவுக்குப் பிறகும் பல்கேரியப் பயிற்சியாளர் பாலகோவ் தனக்கு எதுவும் கேட்கவில்லை என்றார். ஆட்டத்துக்கு முன்பே, எங்களைவிட இங்கிலாந்தில்தான் இந்தப் பிரச்சினை அதிகம் என்று வேறு சொல்லி வைத்திருந்தார். உலகமே டிவியில் கேட்டதை டச்லைனில் நின்றவர் கேட்கவில்லை. அப்புறம் மன்னிப்பும் கேட்டார், பதவியையும் விட்டார்.

டச்லைனில் நிற்கும்போது கவனம் பந்தில் இருக்கும், உண்மையிலேயே காதில் விழாமல் போகலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காதில் விழாதவருக்கும் சொல்ல ஒரு வாக்கியம் இருக்கிறது: "எனக்குக் கேட்கவில்லை, ஆனால் அவர் என்னிடம் சொன்னார், நான் நம்புகிறேன்." பின்பாதி இல்லாமல் முன்பாதியை மட்டும் சொன்னால், அந்த வீரர் பொய் சொல்கிறார் என்றுதான் கேட்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

சரி, குற்றம் சாட்டப்பட்டவர் உங்கள் வீரராகவே இருந்தால்? அங்கேதான் நீங்கள் அதிகம் சறுக்குகிறீர்கள்.

2011 அக்டோபரில் ஆன்ஃபீல்டு மைதானத்தில் லிவர்பூல் வீரர் லூயிஸ் சுவாரெஸ் தன்னை இனத்தைச் சொல்லி இழிவுபடுத்தியதாக மான்செஸ்டர் யுனைடெட் வீரர் பாட்ரிஸ் எவ்ரா புகார் சொன்னார். டிசம்பர் 20 அன்று தண்டனை வந்தது: 8 ஆட்டத் தடை, 40,000 பவுண்டு அபராதம். மறுநாளே விகன் ஆட்டத்துக்கு முன் லிவர்பூல் வீரர்கள் சுவாரெஸ் படம் போட்ட டி-ஷர்ட்டுடன் பயிற்சிக்கு இறங்கினார்கள். ஏன் தண்டனை என்று விளக்கும் 115 பக்க அறிக்கை வெளியானதோ டிசம்பர் 31 அன்று. காரணத்தைப் படிப்பதற்குப் பத்து நாள் முன்னாலேயே சட்டை தயார்! பயிற்சியாளர் கென்னி டால்கிளிஷ் அந்த அணியின் சரித்திரத்திலேயே மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சட்டைகள் பெட்டியை விட்டு வெளியே வந்திருக்காது. பிப்ரவரியில் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபர்டு மைதானத்தில் சுவாரெஸ் எவ்ராவின் கையைப் பற்ற மறுத்தார். ஆட்டத்துக்குப் பிறகு கேள்வி கேட்ட நிருபரிடம் டால்கிளிஷ் சீறினார். மறுநாள் வருத்தம் தெரிவித்தார். அன்று அந்தச் சட்டையைப் போட்டவர்களில் ஒருவரான ஜேமி காரகர், 2019 இல் தொலைக்காட்சியில் எவ்ராவின் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். எட்டு வருஷம் கழித்து.

இதெல்லாம் பழைய கதை, இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை என்று சொல்லாதீர்கள். 2024 இல் ரோட்ரிகோ பெண்டாங்கூர், அப்போது தன்னோடு டாட்டன்ஹாம் அணியில் ஆடிய சோன் ஹியூங் மின்னைக் குறித்து, கொரியர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள் என்று ஒரு டிவி நிகழ்ச்சியில் கேலி பேசினார். 7 ஆட்டத் தடை, ஒரு லட்சம் பவுண்டு அபராதம். பயிற்சியாளர் போஸ்டெகோக்லு பேசியது, பெண்டாங்கூர் எவ்வளவு அருமையான மனிதர் என்பதைத்தான். நம்பாமல் இல்லை. நல்ல மனிதர்கள் கேவலமாகப் பேசுவதில்லை என்று யார் சொன்னது? அணியில் ஒருவர் அடிபட்டிருக்கும்போது, அடித்தவருக்கு நற்சான்றிதழ் எழுதுவதா முதல் வேலை? விசாரணை முடியும்வரை பேசாமல் இருங்கள், போதும். வக்கீல் வேலையைக் கிளப்பின் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

நன்றாகப் பேசியவர்களும் இருக்கிறார்கள். 2023 மே 21, வலென்சியாவின் மெஸ்டாயா மைதானம். ரியல் மாட்ரிட்டின் வினிசியஸ் ஜூனியர், கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்து கத்தியவரை விரலால் சுட்டிக் காட்டிக்கொண்டே நின்றார். கடைசியில் சிவப்பு அட்டை வாங்கியதும் அவர்தான். ரியல் மாட்ரிட் தோற்றது. நிருபர் மைக்கை நீட்டியதும் அதன் பயிற்சியாளர் கார்லோ ஆன்செலோட்டி, இன்று கால்பந்தைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை, இது தோல்வியைவிடப் பெரிய விஷயம் என்றார். அன்று அவர் ஒரு தவறும் செய்தார். மொத்த மைதானமும் கத்தியது என்று சொல்லிவிட்டார். பிறகு அதை மட்டும் திருத்தி வருத்தம் தெரிவித்தார், ஆனால் கத்தியவர்கள் ஒன்றிரண்டு பேர் அல்ல என்பதில் உறுதியாக நின்றார். வார்த்தை கொஞ்சம் கூடிப்போனால் திருத்திக்கொள்ளலாம். அந்தச் சிவப்பு அட்டை பின்னர் ரத்தானது. 2024 ஜூனில் வலென்சியா ரசிகர்கள் மூவருக்கு எட்டு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மைதானத்து இனவெறி வசவுக்காக ஸ்பெயினில் கிடைத்த முதல் தண்டனை அது.

ஆனால் அதே ஆன்செலோட்டியிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. 2018 டிசம்பர் 26, மிலான் நகரின் சான் சீரோ. நாப்போலியின் காலிடு கூலிபாலியைக் குறிவைத்து ஆட்டம் முழுக்கச் சத்தம். ஆட்டத்தை நிறுத்துங்கள் என்று நாப்போலி தரப்பில் மூன்று முறை கேட்டும் நிறுத்தவில்லை. அப்போது நாப்போலி பயிற்சியாளராக இருந்த அவர், அடுத்த முறை நாங்களே வெளியேறிவிடுவோம், தோல்வி என்று அறிவித்தாலும் பரவாயில்லை என்றார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த முறை என்பது உங்கள் தொழிலில் ஒரு விசித்திரமான தேதி. அது வருவதே இல்லை.

வந்த இடத்தைச் சொல்கிறேன். பெரிய பெயர் எதையும் எதிர்பார்க்காதீர்கள். சோஃபியா ஆட்டம் முடிந்து ஐந்தே நாள், 2019 அக்டோபர் 19. லண்டனில் ஹாரிங்கே பரோ என்ற சின்ன கிளப், யோவில் டவுனுடன் எஃப்ஏ கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆடியது. ஹாரிங்கே இருந்தது இங்கிலாந்தின் ஏழாவது நிலை லீக்கில். யோவிலுக்கு ஒரு பெனால்டி கிடைத்த சமயத்தில் ஹாரிங்கே கோல்கீப்பர் மீது எச்சில் துப்பினார்கள், கையில் கிடைத்ததை எறிந்தார்கள். இன்னொரு வீரரைக் கறுப்பர் என்று இழிவுபடுத்தினார்கள். பயிற்சியாளர் டாம் லாய்சு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பையன்களைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அப்போது அவர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. தோற்கிற ஆட்டத்தில் சாக்குத் தேடினார் என்று நாக்கில் நரம்பில்லாமல் யாராவது பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா? கோப்பையை விட்டு எங்களை நீக்கினாலும் சரி என்றுதான் சொன்னார். யோவில் வீரர்கள் செய்ததுதான் எனக்கு இன்னும் பிடித்தது. எதிரணியோடு சேர்ந்து அவர்களும் வெளியே வந்தார்கள். ஆட்டம் கைவிடப்பட்டது. பத்து நாள் கழித்து மறுபடி ஆடி யோவில் 3-0 என்று ஜெயித்தது. ஹாரிங்கேவுக்கு அந்த வருஷம் கோப்பைக் கனவு முடிந்தது.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் லாண்டன் டோனோவன் பயிற்சியளித்த சான் டியேகோ லாயல் அணி, எதிரணி வீரர் ஒருவர் தங்கள் வீரரை இனத்தைச் சொல்லித் திட்டிய ஆட்டத்தில் கிடைத்த ஒரு புள்ளியையே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தது. கொடுத்துப் பாருங்கள், பட்டியல் எரிந்துவிடாது.

உங்களிலேயே பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். 2021 டிசம்பரில் புருஜ் மைதானத்தில் ஆண்டர்லெக்ட் பயிற்சியாளர் வின்சென்ட் கொம்பனியையே இனத்தைச் சொல்லித் திட்டினார்கள். இன்னொரு பக்கம், கிராலி டவுன் அணியில் தன் வீரர்களையே இனத்தைச் சொல்லிச் சீண்டிய ஜான் யெம்ஸுக்கு மூன்று வருஷத் தடை. முதலில் 18 மாதம்தான் கொடுத்தார்கள், மேல்முறையீட்டுக்குப் பிறகு கூடியது. ஆகவே பயிற்சியாளர் என்றாலே காப்பாற்றுகிறவர் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அன்றைய பேட்டியில் உங்கள் முதல் வாக்கியம் அந்த வீரரின் பெயரோடு தொடங்கட்டும். பெனால்டியும் காயமும் அதற்குப் பிறகு. அவர் எப்படிக் கொண்டாடினார், ஏன் சீண்டினார் என்ற பேச்சு அன்றைக்கு வேண்டாம், என்றைக்கும் வேண்டாம். ஒருசிலர் செய்தது என்று கணக்குச் சொல்லாதீர்கள். 2017 இல் இதே காலியாரியில் சுலே முன்டாரி தன் கையைத் தொட்டுக் காட்டி, இது என் நிறம் என்று கேலரியைப் பார்த்துக் கத்தினார். நடுவர் அவருக்கே மஞ்சள் அட்டை காட்டினார். மைதானத்தை விட்டு வெளியேறியதற்கு இன்னொன்று. கத்தியவர்கள் பத்துப் பேர்தான் என்று சொல்லி, காலியாரி கிளப்புக்குத் தண்டனையே கொடுக்கவில்லை. அன்று கத்தியவர்களில் ஒரு சின்னக் குழந்தையும் இருந்தது. முன்டாரி முன்னதாக அந்தக் குழந்தையிடம் போய், இப்படிச் செய்யக்கூடாது என்று சொல்லித் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்திருந்தார்.

இன்னொன்றும் உண்டு, அது கேமராவுக்கு வராது. சீசன் தொடங்கும்போது, தந்திரப் பலகையைத் திறப்பதற்கு முன், உங்கள் வீரர்களை உட்கார வைத்துக் கேளுங்கள்: அப்படி ஒன்று நடந்தால் நான் என்ன செய்ய வேண்டும்? பதில்கள் ஒன்றுபோல் இருக்காது. 2014 இல் தன் மீது வீசப்பட்ட வாழைப்பழத்தை எடுத்துத் தின்றுவிட்டு கார்னர் அடித்தார் டானி ஆல்வெஸ். 2006 இல் சரகோசாவில் சாமுவேல் எட்டோ போதும் என்று வெளியேறப் புறப்பட்டார், எல்லோரும் சூழ்ந்து சமாதானப்படுத்தி நிறுத்தினார்கள். ஒருவருக்குத் தொடர்ந்து ஆட வேண்டும், ஒருவருக்கு உடனே வெளியேற வேண்டும். யாருக்கு எது என்று முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெளியேற வேண்டும் என்று சொன்னவரை அன்றைக்குச் சமாதானப்படுத்த வராதீர்கள். கூடவே நடந்து வெளியே வாருங்கள்.

அடுத்த வார ஆட்டத்தையும் பார்ப்பேன். அதற்குப் பிறகு நடக்கும் பேட்டியையும்.

இப்படிக்கு,
விசில் அடித்த பிறகும் எழுந்து போகாத ஒரு பார்வையாளர்