அருணின் மோட்டார் சைக்கிளுக்கு ஓர் அலாரம்

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள குணா,

நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

அருணுக்கு இங்கே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடம் கிடைத்திருக்கிறது என்று நீ எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "குணாவின் பிள்ளை வாடகை அறையில் இருப்பதா? இங்கே வரச் சொல்" என்றார். இது அவருடைய கட்டளை. மறுப்பதென்றால் நீயே அவரிடம் பேசிக்கொள். அவருடைய கண்புரை சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. இப்போது பத்திரிகையில் மரண அறிவித்தல் பக்கத்தை யாருடைய உதவியும் இல்லாமல் வாசிக்கிறார். என் மூத்த மகள் வேலை கிடைத்து வவுனியாவுக்குப் போய்விட்டாள். வீட்டில் பேச்சுச் சத்தம் குறைந்துவிட்டது. அருண் வந்தால் எங்களுக்கும் சந்தோஷம்.

உன் பல்சர் மோட்டார் சைக்கிளை அவனிடம் கொடுத்துவிடப் போவதாக எழுதியிருக்கிறாய். அதற்கு எந்த அலாரம் வாங்குவது, மட்டக்களப்பிலேயே வண்டியில் பொருத்திப் பூட்டி அனுப்பவா என்றும் கேட்டிருக்கிறாய். அங்கே பூட்ட வேண்டாம், வண்டியை மட்டும் அனுப்பு. அலாரத்தை எங்கே பூட்டினாலும் அசைவை அறியும் அதன் உணரியை வண்டி நிற்கப்போகிற இடத்தில் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். பகலில் அது பல்கலைக்கழகம் இருக்கும் இராமநாதன் வீதிப் பக்கம் நிற்கும். இரவில் எங்கள் படலைக்குள் நிற்கும். இரண்டு இடத்தையும் பார்த்துத்தான் அளவு வைக்க முடியும்.

உன் பயம் நியாயமானதுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் மறுபடி திறக்கும்வரை பழைய மோட்டார் சைக்கிள்களை வைத்துத்தான் நாடு ஓடியது. உதிரிப்பாகங்களாகக் கழற்றி விற்றாலே நல்ல காசு என்ற நிலை வந்தது. இறக்குமதி திறந்த பிறகும் புதியதன் விலையைக் கேட்டால் பழையதையே பத்திரமாக வைத்திருக்கத் தோன்றுகிறது. 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று கியூஆர் அட்டையில் பெற்றோல் தந்த காலத்தில், வண்டியை விடத் தாங்கிக்குள் இருந்ததைப் பற்றித்தான் எல்லோருக்கும் கவலை. உன் அப்பாவின் எம்டி 90 மோட்டார் சைக்கிள் நினைவிருக்கிறதா? யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவாரே. அந்தச் சத்தத்தை ஒழுங்கை முழுவதும் அறியும். வேறு யாராவது அதை எடுத்து ஓடியிருந்தால் சந்தியில் மறித்துக் கேட்டிருப்பார்கள். இப்போது ஒரே நிறத்தில் ஒரே மாதிரி வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. யார் வந்து எதை எடுத்துப் போனாலும் பக்கத்தில் நிற்பவருக்குச் சந்தேகம் வருவதில்லை.

அலாரம் வாங்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது சத்தம் எவ்வளவு என்பதைத்தான். பெட்டியில் 120 டெசிபெல், 125 டெசிபெல் என்று அச்சிட்டிருப்பார்கள். நான் பார்ப்பது வேறு: அது தேவையில்லாமல் கத்துமா? எங்கள் ஒழுங்கையில் ஒரு வண்டி இருக்கிறது. பலாலி வீதியில் பார லொறி போனாலும் கத்தும், கோயிலில் வெடி கொளுத்தினாலும் கத்தும், பூனை சீற்றில் ஏறிப் படுத்தாலும் கத்தும். முதல் கிழமை எல்லோரும் டோர்ச்சுடன் படலைக்கு வந்தார்கள். இப்போது ஒருவரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உண்மையான கள்வன் வந்து கைவைக்கும் இரவிலும் அதே சத்தம்தான் வரும், அயலார் புரண்டு படுப்பார்கள். அந்த வீட்டுக்காரர் செலவழித்த பணத்தை விட அயலாரின் அக்கறையை இழந்ததுதான் எனக்குப் பெரிய நட்டமாகத் தெரிகிறது. அவரிடம் போய்ச் சொன்னேன். உணரியின் திருகைக் குறைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆகவே நான் வாங்கப்போவது இரண்டு கட்டமாக எச்சரிக்கும் வகை. மெதுவாகத் தட்டினால் இரண்டு மூன்று சிறு கீச்சொலி மட்டும் வரும். தொடர்ந்து அசைத்தால் அல்லது ஹாண்டிலைத் திருப்ப முயன்றால் முழுச் சைரனும் எழும். உணரியின் கூர்மையைக் கூட்டவும் குறைக்கவும் திருகோ பட்டனோ இருக்க வேண்டும். உணரியைப் பிளாஸ்டிக் மூடியில் ஒட்டினால் காற்றுக்குக்கூட நடுங்கும். அதை இரும்புச் சட்டத்தோடு இறுக்கிக் கட்ட வேண்டும். சரி பார்ப்பதும் எளிது. உள்ளங்கையால் சீற்றில் ஒரு தட்டுத் தட்டு, வாய் திறக்கக் கூடாது. பக்கத்து ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியை நிமிர்த்து, உடனே கத்த வேண்டும். இவை இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் கிடைக்கும்வரை பொறுமையாகத் திருக வேண்டியதுதான்.

வண்டியை ரிமோட்டால் சத்தமில்லாமல் பூட்டும் வசதியும் வேண்டும். போதனா வைத்தியசாலைப் பக்கம், நூலகத்தடி, இரவில் வீட்டு வாசல் என்று ஒவ்வொரு முறையும் 'கீச்' என்று பூட்டுவது அயலாருக்குத் தொல்லை.

ரிமோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலிவானவை 433 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டையே அனுப்புகின்றன. அதைப் பிரதி எடுக்கும் சிறு கருவிகள் எளிதில் கிடைக்கின்றன. பக்கத்தில் நின்று ஒரு முறை பிடித்துவிட்டால் போதும், நீ போனபின் உன் அலாரத்தை அவன் அணைத்துவிடலாம். அழுத்தும் ஒவ்வொரு முறையும் குறியீடு மாறும் வகை கொஞ்சம் விலை கூட. அதற்குத்தான் பணம் கொடுக்க வேண்டும் என்பேன். திரையில் வண்டியின் படம் காட்டும் இருவழி ரிமோட் தூரத்திலும் தகவல் தரும், நல்லதுதான். ஆனால் விரிவுரை மண்டபத்தின் சுவர்களைத் தாண்டி எவ்வளவு தூரம் எட்டும் என்பதைப் பெட்டியில் எழுதிய மீற்றர் கணக்கை வைத்து நம்ப முடியாது.

ரிமோட்டால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் வசதி பல அலாரங்களோடு சேர்ந்தே வருகிறது. இளம் பிள்ளைகளுக்கு அதில்தான் ஆசை. அருணும் கேட்பான். அந்த வயரை இணைக்கவே மாட்டேன், இதை முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிடு. வண்டி கியரில் நிற்கும்போது யாராவது பட்டனை அழுத்தினால் அது முன்னால் பாயும். எங்கள் வளவில் தங்கையின் பிள்ளைகள் ஓடித் திரிவார்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

இனி எஞ்சினை நிறுத்தும் றிலே, அதாவது அலாரம் இயக்கும் சிறு மின் சுவிச். வண்டியைக் காப்பாற்றுவதில் சைரனை விட இதற்குத்தான் பங்கு அதிகம். ஆனால் அதைச் சிந்தித்துப் பூட்டுபவர்கள் குறைவு. பற்றரி முற்றாக இறங்கிய நாளிலும் கிக் அடித்தால் இயங்கும் பழைய வண்டிகள் இருக்கின்றன. அவற்றில் தீப்பொறிக்கான மின்சாரம் எஞ்சினிலிருந்தே வரும். அணைப்பதற்கு ஒரு வயரைப் பூமிக்கு, அதாவது சட்டத்துக்கு, தொடுக்க வேண்டும். பற்றரியில் ஓடும் இக்னிஷன் உள்ள வண்டியில் அதற்கு நேர்மாறாக, போகும் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். எது உன் வண்டி என்று பாராமல் பெட்டியோடு வந்த படத்தைப் பார்த்துப் பூட்டினால் அலாரம் கத்தும், எஞ்சினும் ஓடும். கள்வன் கத்தக் கத்த ஓட்டிக்கொண்டு போய்விடுவான்.

இன்னொன்று. றிலேயில் இரண்டு வகை இணைப்பு இருக்கிறது. ஒன்றில், அலாரப் பெட்டிக்கு மின்சாரம் இல்லாதபோது எஞ்சினின் சுற்று மூடியே இருக்கும், வண்டி ஓடும். மற்றதில் பெட்டி செத்தால் எஞ்சினும் செத்துவிடும். கள்வனுக்கு எதிராகப் பார்த்தால் இரண்டாவதுதான் பலம், ஏனென்றால் பெட்டியின் வயரை வெட்டினாலும் அவனால் ஓட்ட முடியாது. ஆனால் ஏ9 வீதியில் பின்னால் பஸ் வரும்போது ஒரு மலிவான பெட்டி பழுதாகி எஞ்சின் நின்றுபோவதை நினைத்துப் பார். பிள்ளை ஓட்டும் வண்டி. நான் முதல் வகையைத்தான் பூட்டுவேன். பெட்டியையும் அதன் மின் வயரையும் கழற்ற நேரம் எடுக்கும் இடத்தில் ஒளித்து வைப்பேன். சைரனுக்குள்ளேயே தனிப் பற்றரி உள்ள வகை கிடைத்தால் அதை வாங்குவேன். வயரை வெட்டினாலும் அது கத்தும்.

வயரிங்தான் என் பெரிய கவலை. பட்டினத்தில் ஒரு கடையில் பூட்டிய வண்டியை ஒருமுறை சீற்றைக் கழற்றிப் பார்த்தேன். வயர்களைத் தோல் உரித்து முறுக்கி, கறுப்பு ரேப் சுற்றியிருந்தார்கள். வெயிலில் ரேப்பின் பசை உருகி வழிந்துவிட்டது. செம்பு பச்சை பூத்திருந்தது. கையால் தொட்டதும் ஒரு கம்பி ஒடிந்து விழுந்தது. இது கடல் சூழ்ந்த ஊர், உப்புக் காற்று திறந்த செம்பை விடாது. ஐப்பசி, கார்த்திகை மழை வேறு. நாங்கள் பூட்டும்போது ஒவ்வொரு மூட்டையும் ஈயம் வைத்து ஒட்டி, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாயைப் போட்டு மூடுவோம். பற்றரியின் நேர் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ் வைக்க வேண்டும். வயர் எங்காவது உரசிச் சட்டத்தில் தொட்டாலும் தீப்பிடிக்காமல் அதுதான் காக்கும். ஹாண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் எந்த மூட்டும் வரக் கூடாது, அங்கே வயர் நாள் முழுவதும் வளைந்து நிமிர்கிறது. சீற்றுக்கு அடியில் இணைத்தால் போதும். சைரனின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைநீர் தேங்கிக் குரல் கம்மிவிடும். வயரின் நிறத்தை நம்பாமல் மின்சாரம் அளக்கும் மீற்றர் வைத்துப் பார்த்தே இணைப்போம். இதற்கு எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். அவசரப்படாதவர், பிழையான வேலைக்குக் காசு வாங்காதவர். நானும் பக்கத்தில் நிற்பேன்.

பற்றரியைப் பற்றி உனக்கு ஒரு கணக்கு. வண்டி பூட்டிய நிலையில் அலாரம் 10 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வை. ஒரு நாளில் 0.24 ஆம்பியர் மணி. பற்றரி 5 ஆம்பியர் மணி என்றால் பத்து நாளில் பாதி போய்விடும். விடுமுறைக்கு அருண் பஸ்ஸில் மட்டக்களப்புக்கு வந்து திரும்பும்போது ஸ்டார்ட்டர் அசையாது. 3 மில்லி ஆம்பியருக்குள் எடுப்பதைத் தேடி வாங்க வேண்டும். அலாரத்தைப் பொருத்திய பிறகு பற்றரியின் எதிர் வயரைக் கழற்றி, இடையில் மீற்றரை வைத்து உண்மையிலேயே எவ்வளவு எடுக்கிறது என்று நானே அளந்து பார்ப்பேன். அளக்கும்போது மட்டும் ஸ்டார்ட்டரைத் தொடக் கூடாது, மீற்றரின் பியூஸ் போய்விடும். அவன் ஊருக்கு வரும் நாட்களில் இடைக்கிடை நான் வண்டியை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு வைக்கிறேன்.

இவ்வளவும் செய்தாலும் இரண்டு பேர் வந்து பட்டா என்ற சிறு லொறியில் தூக்கி ஏற்றினால் அலாரம் கத்திக்கொண்டே போகும். அதற்கு இரவில் விறாந்தைத் தூணோடு தடித்த சங்கிலி ஒன்று போடுகிறேன். பகலில் முன் பிரேக் டிஸ்க்கில் ஒரு பூட்டும் ஹாண்டில் பூட்டும் போட்டால் போதும். திறப்பை வண்டியிலேயே விட்டுவிட்டுக் கடைக்குள் ஓடும் பழக்கம் இங்கே பலருக்கு இருக்கிறது. அருணுக்கு அந்தப் பழக்கம் இருந்தால் இப்போதே சொல்லித் திருத்து. காப்புறுதியையும் பார்த்துக்கொள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒரு சதமும் வராது. பதிவுப் புத்தகத்தின் மூலப்பிரதியை நீயே வைத்துக்கொண்டு, எஞ்சின் இலக்கம், வண்டியின் இரும்புச் சட்டத்தில் பொறித்த இலக்கம் இரண்டையும் படம் எடுத்து அவனுடைய தொலைபேசியில் போட்டுவிடு. பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போனால் முதலில் கேட்பது அதைத்தான்.

கனடாவிலிருந்து நம் யோகன் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்துவிட்டுப் போனான். உன்னைத்தான் விசாரித்தான். 25 நாளும் காலைப் பூசைக்கு நடந்தே போனான். கோயிலைச் சுற்றி வீதிகள் மூடியிருப்பதால் நான் வண்டியை வழக்கம்போல ஒரு வீட்டு வளவில் காசு கொடுத்து விட்டிருந்தேன். அடுத்த முறை நீயும் வந்தால் மூன்று பேரும் ஒன்றாகப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

அருண் வரும் திகதியை ஒரு கிழமை முன்னதாக எழுது. வயரிங் செய்பவரிடம் அன்றைக்கு நேரம் கேட்டு வைக்க வேண்டும். உன் பல்சர் எந்த ஆண்டு மாதிரி, கிக் இருக்கிறதா இல்லையா, பற்றரியில் எத்தனை ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருக்கிறது என்பதையும் பார்த்து எழுது. அதற்கேற்ற றிலேயை நான் வாங்கி வைத்துவிடுகிறேன். புகையிரதத்தில் வண்டியை ஏற்றி அனுப்புவதானால் தாங்கியில் பெற்றோலை முழுவதும் இறக்கிவிடு. அவனே ஓட்டி வருவதானால் விடியப் புறப்படச் சொல், தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக் கட்டச் சொல். அம்மா ஒடியல் கூழ் காய்ச்சி வைப்பதாகச் சொல்கிறார்.

அன்புடன்,
சிவநேசன்