கண் தெரியவில்லை என்று சொன்ன மாஸ்டருக்கு

மார்கழியில் எங்கள் வீட்டில் நடந்ததை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கும், எங்களைத் தெரிந்த எல்லோருக்கும் அது தெரியும். நேற்று என் மகள் முதல் தடவையாகக் குத்துச்சண்டை ரிங்கில் ஏறினாள். ஜெயித்தாளா என்று கேட்டு ராத்திரி வரைக்கும் போன் வந்துகொண்டே இருந்தது. தோற்றாள். இறங்கி வந்து என் தோளில் முகத்தைப் புதைத்து வாய்விட்டு அழுதாள். அவள் அப்பா போனதிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது நேற்றுத்தான். அந்த ஈரம் காய்வதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும்.

முதலில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. மழையில் நனைந்துகொண்டே ஷாமியானா கட்டிய பையன்கள், ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் விடிய விடிய எங்களோடு நின்ற ஆட்டோக்கார அண்ணன், மாசக் கணக்கில் வாடகை பற்றி வாயே திறக்காத வீட்டுக்கார அம்மா, காசிமேட்டிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு கூறு சங்கரா மீனை வாசலில் வைத்துவிட்டுக் காசு வாங்காமல் போன அக்கா, தங்கள் முறைச் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்த தோழிகள், "சும்மா உட்கார வைக்காதீங்க, ஏதாவது விளையாட்டுல சேத்து விடுங்க" என்று வீடு தேடி வந்து சொன்ன வகுப்பு டீச்சர். உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன். இந்த மடலில் மிச்சம் முழுக்க, அவளுக்குக் குத்துச்சண்டை சொல்லிக் கொடுக்கும் மாஸ்டருக்கு.

டீச்சர் சொல்லித்தான் அவளைப் பாக்ஸிங்கில் சேர்த்தேன். வடசென்னையில் குத்துச்சண்டை புதிதில்லை. பரம்பரை என்று சொல்லும் கோஷ்டிகளாகப் பிரிந்து மோதிய கதைகளை என் தாத்தாவே சொல்லியிருக்கிறார். ஆனால் பெண் பிள்ளை என்றதும் உறவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அதை மாஸ்டரிடம் சொன்னபோது, "2012 லண்டன் ஒலிம்பிக்லதாம்மா லேடீஸ் பாக்ஸிங்கையே சேத்தாங்க. அந்தத் தடவையே மேரி கோம் வெண்கலம் எடுத்தாங்க. அப்பவே ரெட்டைப் புள்ளைங்களுக்கு அம்மா அவங்க. போய் சொல்லு" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆனால் நான் நன்றி சொல்ல வந்தது அதற்கும் இல்லை.

கிளவுஸ் போடுவதற்கு முன்னால் கையில் பேண்டேஜ் கட்டுவார்கள். ஒரு கைக்கு நாலரை மீட்டர் நீளம் பருத்தி நாடா. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு மாஸ்டரே கட்டிவிடுவார். நான் வாசல் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அப்போதெல்லாம் வீட்டில் எங்கள் பேச்சு "சாப்டியா", "ம்" என்பதோடு முடிந்துவிடும். தொட்டால் உதறுவாள். தலை பின்னிவிடக் கூப்பிட்டால் வரமாட்டாள். இதை நான் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருநாள் காலையில் அவள் வழக்கம்போல் அவர் முன்னால் போய்க் கையை நீட்டினாள். அவர் நாடாவை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கண்ணு சரியா தெர்ல பாப்பா. அம்மாவாண்ட குட்து கட்டிக்கினு வா."

அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அப்புறம் வந்து என் முன்னால் கையை நீட்டினாள்.

எனக்குக் கட்டத் தெரியாது. மாஸ்டர் வேறு பக்கம் திரும்பி நின்றபடியே சொல்லிக்கொண்டே போனார். கட்டை விரலில் வளையத்தை மாட்டு, புறங்கை வழியாக மணிக்கட்டுக்குப் போ, மூணு சுத்து, மேலே ஏறி விரல் முட்டிக்கு மூணு சுத்து, விரல் இடுக்குல குறுக்கே விடு, மறுபடி மணிக்கட்டு. ஒரு கையில் மட்டும் 27 எலும்புகளாம். அவை நொறுங்காமல் காப்பதற்குத்தான் இந்தக் கட்டு. தளர்ந்தால் மணிக்கட்டு மடங்கிவிடும், இறுகினால் விரல் மரத்துவிடும். அதனால் கட்டுகிறவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். "இறுக்கமா இருக்கா?" "கொஞ்சம்." "இப்ப?" "சரியா இருக்கு." அந்த வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டதிலேயே நீளமான பேச்சு அதுதான். விரலை விரிக்கச் சொன்னபோது பார்த்தேன். நகங்களைச் சதை வரைக்கும் கடித்து வைத்திருந்தாள். உள்ளங்கை அப்படியே அவள் அப்பாவுடையது.

மறுநாளும் மாஸ்டருக்குக் கண் தெரியவில்லை. அதற்கு அடுத்த நாளும் தெரியவில்லை. பயிற்சி நடக்கும் ஷெட்டின் அந்தக் கோடியில் ஒரு பையன் முழங்கையை லேசாக இறக்கினால் இங்கிருந்தே அதட்டுகிற மனிதர் அவர்.

கட்டும்போது ரெண்டு பேரும் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தாள். முதலில் பள்ளிக்கூடம், அப்புறம் ஒரு தோழியோடு வந்த சண்டை. ஒருநாள், "அப்பா இருந்தா என்ன இதுல விட்டிருப்பாரா?" என்று கேட்டாள். "மொத வரிசையில உக்காந்து விசில் அடிச்சிருப்பாரு" என்றேன். சிரித்தாள். பிள்ளையைப் பேச வை, மனசு விட்டுப் பேச வை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். எப்படி என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. மாஸ்டர் பேச்சைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல், நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து செய்ய ஒரு வேலையைக் கொடுத்தார்.

என் உடம்பையும் அந்த ஷெட்தான் மீட்டுக் கொடுத்தது. நாள் முழுக்கத் தையல் மிஷினில் குனிந்தே கிடந்ததில் கால் வீங்கி, பிரஷரும் ஏறியிருந்தது. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்கச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்து சிஸ்டர் எத்தனையோ முறை எடுத்துச் சொன்னார். கடைசியில் மகள்தான் ஒரு ஸ்கிப்பிங் கயிற்றை என் மடியில் போட்டாள். மூன்று நிமிடம் ரவுண்டு, ஒரு நிமிடம் ஓய்வு. விசில் அவள் கையில். தொடக்கத்தில் பாதி ரவுண்டிலேயே மூச்சு வாங்கும். இப்போது விடாமல் குதிக்கிறேன். மாத்திரை இல்லாமல் தூக்கம் வருகிறது. சுடிதார் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கும்போது யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பும் வருவதில்லை.

மாஸ்டர், நீங்கள் பணம் வாங்க மாட்டீர்கள், சால்வை போர்த்தினாலும் பிடிக்காது. எனக்குத் தெரிந்தது தையல். இனி ஷெட்டுக்கு வருகிற எந்தப் பிள்ளையும் பேண்டேஜ் வாங்கக் காசில்லை என்று நிற்க வேண்டாம். நாடா வாங்கி, வளையமும் வெல்க்ரோவும் வைத்து நானே தைத்துத் தருகிறேன். பிய்ந்துபோனதையும் கொண்டு வரட்டும், சரிசெய்து தருகிறேன். கட்டிவிடும் வேலையை அவரவர் அம்மா அப்பாவுக்கே விட்டுவிடுங்கள். தெரியாதவர்கள் காலையில் கொஞ்சம் சீக்கிரம் வந்தால் நான் சொல்லிக் கொடுக்கிறேன்.