டிக்கெட்டை மூடும் முன் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்

கிளவுட் உள்கட்டமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். போன வாரம் நாங்கள் கேட்ட லினக்ஸ் விஎம் (மெய்நிகர் கணினி) பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அதற்குள் எங்களால் நுழையவே முடியவில்லை. அதைக் கேட்டுப் போட்ட அந்த டிக்கெட் மூன்று முறை மூடப்பட்டு, மூன்று முறையும் எங்களால் திரும்பத் திறக்கப்பட்டது. மூடும்போதெல்லாம் அதில் இருந்தது ஒரே பதில்தான்: "விஎம் ரன்னிங் நிலையில் உள்ளது. உங்கள் பக்கம் சரிபார்க்கவும்."

அந்தப் பதிலைப் படித்தவர் எங்கள் குழுவில் சேர்ந்து இரண்டு வாரமே ஆன பெண். உங்கள் பக்கம் என்று எழுதியிருந்ததால் தவறு தன்னுடையதுதான் என்று நம்பிவிட்டார். அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினார். கடவுச்சொல் போல உள்ளே நுழைய உதவும் கீயைப் புதிதாக உருவாக்கினார். கீ கோப்பைத் தான் மட்டும் திறக்கும்படி அதன் அனுமதியை 600 ஆக்கினார். வைஃபையை விட்டு மொபைல் இணைப்பிலும் முயன்று பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கர்சர் அப்படியே நிற்கும், வெகுநேரம் கழித்து 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்று வரும். புதன்கிழமை இரவு என்னை அழைத்து, "அண்ணா, நான்தான் ஏதோ தப்பு பண்ணியிருக்கேன். என்னாலதான் எல்லாருக்கும் வேலை நிக்குது" என்றார். அவர் குரலில் இருந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் இந்த மடலை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. திரையில் வந்த செய்தியே பாதிக் காரணத்தைச் சொல்லியிருந்தது. கீ பொருந்தாவிட்டால் 'பெர்மிஷன் டினைடு' என்று வரும். மெஷினை எட்டிவிட்டோம், ஆனால் தொலைவிலிருந்து வருபவரை உள்ளே விடும் எஸ்எஸ்ஹெச் சர்வீஸ் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று உடனே வந்துவிடும். ஒன்றுமே திரும்பி வராமல் டைம்டு அவுட் ஆனால், நாம் அனுப்பும் தரவுப் பாக்கெட் வழியிலேயே தொலைகிறது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். ஃபயர்வால், யாரை உள்ளே விடலாம் என்ற விதிகள் இருக்கும் செக்யூரிட்டி குரூப், ரவுட்டிங் என்று பார்க்க வேண்டிய இடங்களும் தெரிந்தவைதான். அவற்றைத் திறந்து பார்க்கும் அனுமதி உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. எங்களால் பார்க்கவே முடியாததைச் சரிபார்க்கச் சொல்லி மூன்று நாட்கள் ஓடிவிட்டன.

வியாழக்கிழமை உங்களில் ஒருவர் நேரம் ஒதுக்கிப் பார்த்தார். எஸ்எஸ்ஹெச் வரும் வாசலான போர்ட் 22-க்கான விதியில் பழைய விபிஎன் முகவரி வரம்பு மட்டும் இருந்தது. போன மாதம் சேர்த்த புதிய வரம்பை அந்த விதியில் யாரும் போடவில்லை. பத்து நிமிடத்தில் சரியானது. பொறுமையாக உதவிய அவருக்கு எங்கள் நன்றி.

அப்புறம் 'பெர்மிஷன் டினைடு' வந்தது. விஎம்மை உருவாக்கும் டெம்ப்ளேட்டைத் திருத்தியபோது அதன் தலைப்பு வரியான '#கிளவுட்-கான்ஃபிக்' அழிந்து போயிருக்கிறது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால், அதன் கீழ் எழுதியிருப்பதை, முதல் பூட்டில் விஎம்மைத் தயார்செய்யும் கிளவுட்-இனிட் மென்பொருள் அமைப்புகளாக எடுத்துக்கொள்வதில்லை. விஎம் பூட் ஆகும், போர்ட்டலில் பச்சை நிறம் காட்டும், ஆனால் எங்கள் கீ மட்டும் உள்ளே போயிருக்காது. அந்த யூசருக்கு அங்கீகரிக்கப்பட்ட கீ எதுவும் இல்லை என்று கிளவுட்-இனிட் தானே கன்சோல் லாகில் (பூட் ஆகும்போது வரும் செய்திகளின் பதிவில்) எழுதி வைத்திருந்தது. திங்கட்கிழமை முதல் பூட்டிலிருந்தே அந்த வரி அங்கே இருந்திருக்கிறது. நாங்கள் கன்சோல் லாகைப் பார்க்க அனுமதி கேட்டிருந்தோம், மறுத்துவிட்டீர்கள்.

அதனால்தான் கேட்கிறோம்: டிக்கெட்டை மூடும் முன் ஒருமுறை இணைத்துப் பாருங்கள். விபிஎன்னில் இருக்கும் ஒரு சோதனை மெஷினிலிருந்து, நாங்கள் வரும் அதே வழியில் பாருங்கள். லினக்ஸ் என்றால் போர்ட் 22, விண்டோஸ் என்றால் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 திறக்கிறதா, டிக்கெட்டில் சொன்ன யூசருக்குக் கீ ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். இதைச் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றே செய்துவிடும், வேண்டுமானால் நாங்களே எழுதித் தருகிறோம். ரன்னிங் என்பது மெஷினுக்கு மின்சாரம் வந்துவிட்டது என்று சொல்வதைப் போல. அதில் வேலை செய்ய முடியும் என்று அது சொல்வதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டெம்ப்ளேட்டைத் திருத்தி விஎம்மைப் புதிதாக உருவாக்கியபோது அதே ஐபி முகவரியைக் கொடுத்தீர்கள். மெஷினின் அடையாளமான ஹோஸ்ட் கீ மாறிவிட்டது என்று எஸ்எஸ்ஹெச் எச்சரித்தது. கேட்டதற்கு, முன்பு இணைத்த மெஷின்களின் அடையாளங்கள் இருக்கும் நோன்-ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்த வரியை அழித்துவிட்டு 'யெஸ்' கொடுங்கள் என்று பதில் வந்தது. நடுவில் வேறொருவர் புகுந்து நம் மெஷின் போல நடித்தால் காட்டிக்கொடுப்பதற்காக இருக்கும் எச்சரிக்கை அது. அதைக் கண்டுகொள்ளாமல் கடந்து போகும்படி நீங்களே புதியவர்களைப் பழக்கினால், நிஜமாகவே ஆபத்து வரும் நாளிலும் அவர்கள் 'யெஸ்' என்றுதான் அடிப்பார்கள். புதிய ஹோஸ்ட் கீயின் ஃபிங்கர்பிரிண்ட்டை (அதன் சுருக்க அடையாளத்தை) டிக்கெட்டில் ஒட்டிவிட்டால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வோம். பாதுகாப்பைக் காரணம் காட்டி எங்களுக்குக் கன்சோல் லாகை மறுக்கும் குழு, இதை இவ்வளவு எளிதாக எடுத்துக்கொண்டது மனதுக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, கோபத்தில் கொஞ்சம் அதிகம் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குழுவில் ஆட்கள் குறைவு, டிக்கெட்டுகள் குவிகின்றன என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் மூடித் திறந்து மூடிய இந்த ஒரு டிக்கெட் உங்கள் நேரத்தையும்தான் தின்றது. டிக்கெட்டை மூடும் முன் ஒருமுறை இணைத்துப் பாருங்கள். கன்சோல் லாகைப் படிக்க மட்டுமாவது எங்களுக்கு அனுமதி கொடுங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை இன்னும் இரண்டு விஎம் தேவைப்படுகிறது. அதற்கான டிக்கெட்டையும் அதே பெண்தான் எழுதப் போகிறார். அதற்கு முன் உங்கள் பதில் கிடைத்தால் அவரிடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
டேட்டா மைக்ரேஷன் குழுவிலிருந்து ஒருவன்