அறுவைக்கு முன்பே மூச்சுப் பயிற்சியைக் கற்றுத்தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 61 வயதாகும் என் கணவருக்குக் கடந்த ஆடி மாதம் சென்னை நகரின் ஒரு மருத்துவமனையில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. இன்று அவர் காலையும் மாலையும் அரை மணி நேரம் நடக்கிறார். அறுவை செய்த மருத்துவர்களுக்கும், ஐசியுவில் இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஆனாலும், அதற்குப் பிந்தைய வாரங்களில் நாங்கள் பட்ட பாட்டில் பெரும்பகுதி, முன்கூட்டியே யாராவது எங்களோடு கால் மணி நேரம் உட்கார்ந்து தமிழில் விளக்கியிருந்தால் நேர்ந்திருக்காது என்பதால் இதை எழுதுகிறேன்.

இந்த அறுவையில் நடு நெஞ்செலும்பை நெடுக அறுத்துத் திறந்து, முடிந்ததும் எஃகுக் கம்பிகளால் சேர்த்துக் கட்டுகிறார்கள். வலிக்குப் பயந்து நோயாளி மேலாக மட்டும் மூச்சு விடுகிறார், இருமலையும் அடக்குகிறார். அதனால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி தேங்கி, நிமோனியா வரை போய்விடக்கூடும். இதைத் தடுக்கத்தான் மூன்று பந்துகள் உள்ள ஸ்பைரோமீட்டர் என்னும் மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கொடுக்கிறார்கள். எங்களுக்கும் கொடுத்தார்கள், ஆனால் அறுவை முடிந்த மறுநாள், மயக்கமும் வலியும் தெளியாத நிலையில். அவர் அதை ஊதிக்கொண்டிருந்தார். அது ஊதும் கருவியல்ல, மூச்சை மெல்ல உள்ளே இழுத்துப் பந்துகளை உயர்த்த வேண்டிய கருவி என்பதை, வார்டுக்கு மாற்றிய பிறகு பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மகள்தான் செய்து காட்டினாள். தலையணையை நெஞ்சோடு இறுக அணைத்துக்கொண்டு இருமினால் வலி தாங்கும்படி இருக்கும் என்பதையும் அந்தப் பெண்ணிடமே கற்றோம். அதற்குள் சளியும் காய்ச்சலும் கண்டு, வீடு திரும்புவது நான்கு நாள் தள்ளிப்போயிற்று. அதற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கருவியைத் தவறாக ஊதிக் கழித்த அந்த நாட்கள் வீணாகியிருக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வரும்போது தந்த டிஸ்சார்ஜ் சம்மரி முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. கனமான பொருளைத் தூக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி உண்டு. எவ்வளவு கனம், எத்தனை நாள் என்பது இல்லை. மூன்றாம் வாரம், நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்க முயன்றிருக்கிறார். நெஞ்சுக்குள் ‘டக்’கென்ற சத்தம் கேட்டதாகச் சொன்னதும், ஆட்டோ பிடித்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினோம். நல்லவேளையாகக் கம்பிகள் அசையவில்லை. எலும்பு நன்றாகக் கூடுவதற்கு இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும், அதுவரை நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, பாயிலிருந்து கையை ஊன்றி எழவும் கூடாது என்பதெல்லாம் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. இதயத்தில் பொருத்துவதற்காகக் காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்திருந்ததால் அந்தப் பாதம் வீங்கியபோது, சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்று இரண்டு இரவுகள் நான் தூங்கவில்லை. காரணமில்லாமல் அவர் கண்கலங்கியதும், சாப்பாட்டைக் கண்டாலே வெறுத்ததும்கூட இந்த அறுவைக்குப் பின் பலருக்கும் வருவதுதானாம்.

நாட்டின் முதல் பைபாஸ் அறுவை 1975இல் நாங்கள் குடியிருக்கும் இதே பெரம்பூரில், ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்தது. அத்தனை காலமாக இதயத்தைத் திறந்து சீர்செய்யும் ஊரில், நோயாளியின் கையில் தமிழில் ஒரு தாள் கொடுப்பது இயலாத காரியமல்ல.

அறுவைக்கு முந்தைய நாளே பிசியோதெரபிஸ்ட் வந்து, நோயாளிக்கும் உடனிருக்கும் ஒருவருக்கும் மூச்சுப் பயிற்சியைச் செய்யவைத்துப் பார்க்க வேண்டும். எடை, நாள், காய்ச்சலோ தையலில் கசிவோ கண்டால் அழைக்க வேண்டிய எண் ஆகியவை டிஸ்சார்ஜ் தாளில் தமிழில் இருக்க வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளுக்கு அரசு இதை ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து பிசியோதெரபி அளிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. நெஞ்சு அறுவை முடிந்து வீடு திரும்புவோரின் விவரத்தை அந்தந்தப் பகுதிக் குழுவுக்கு மருத்துவமனைகள் உடனுக்குடன் அனுப்பிவைக்க, சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை.